கடிகாரம் சரி என்று எழுதிக் கொடுத்தேன்

மொத்தம் மூன்றே வரி. "கன்ட்ரோல் ரூம் பதிவுக் கம்ப்யூட்டரின் கடிகாரத்தைப் பரிசோதித்தேன். நேரம் சரியாக உள்ளது. பிழை எதுவும் இல்லை." கீழே என் பெயர், ஹைமவதி, சிஸ்டம்ஸ் பொறுப்பாளர். தேதி, ரப்பர் ஸ்டாம்ப். விபத்து நடந்த மறுநாள் மேனேஜர் கேட்டார், தெலுங்கில் மரியாதையாக சோமயாஜுலு காரு என்று கூப்பிடுவோம். நானும் என் செல்போனைத் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், ஒரு நொடிகூடப் பிசகவில்லை. எழுதிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். 

எங்கள் ஃபாக்டரி ஆந்திராவில் அனகாபல்லிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. மருந்துக் கம்பெனிகளுக்கு வேண்டிய ரசாயனம் செய்கிறோம். அந்த வியாழக்கிழமை காலை மூன்றாம் நம்பர் தொட்டியில் விஷவாயு கசிந்தது. கீழே ஏணியில் நின்றுகொண்டிருந்த அப்பண்ணா மூச்சடைத்துச் செத்துப்போனான். இருபத்தாறு வயது. மேலே கன்ட்ரோல் ரூமில் டூட்டியில் இருந்தவன் பைடிராஜு, அப்பண்ணாவின் அக்கா புருஷன். 'பாவா, பாவா' என்று அவன் பின்னாலேயே சுற்றி, அவன் சிபாரிசில்தான் அப்பண்ணா இங்கே வேலைக்கே வந்தான்.

வாயு கசிந்தால் ஊளையிடும் அலாரம் ஒரு தனிப் பெட்டி. அதற்குள் தனிக் கடிகாரம். அது ஊளையிட்ட நேரம் பத்து பதினாலு, பத்து நொடி. வால்வை மூடும் அவசரப் பொத்தானைப் பைடிராஜு அமுக்கியது எங்கள் பதிவுக் கம்ப்யூட்டரில் விழுந்திருந்தது: பத்து இருபத்தொன்று, ஐம்பது நொடி. நடுவில் ஏழு நிமிடம் நாற்பது நொடி. அலாரம் அலறும்போது மைத்துனன் சாவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றான் என்று குற்றச்சாட்டு. வேலை போகும், போலீஸ் கேஸ் ஆகும், ஜெயிலுக்கும் போவான். "சத்தம் கேட்ட உடனே அமுக்குனேன் சார்" என்று முதல் நாள் அவன் கதறியதை யாரும் காதில் வாங்கவில்லை. வாங்காததற்குக் காரணம் என் மூன்று வரி.

விபத்து நடந்து பதினெட்டு நாள் கழித்து, திங்கட்கிழமை. மத்தியானம் மூன்று மணிக்குக் கடைசி விசாரணை. காலையில் நான் கேட்டில் நுழையும்போது நூகரத்னம் நின்றிருந்தாள், பைடிராஜுவின் பெண்டாட்டி. தலை வாரவில்லை. தம்பி செத்த அன்றே சோடவரத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டவள், முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறாள்.

"மேடம், அந்தக் கடியாரம் சரியாதான் இருந்துச்சா?"

"எத்தனை பேருக்கு எத்தனை தடவைதான் சொல்றது? பார்த்துட்டுதானே எழுதிக் குடுத்தேன்" என்று எரிந்து விழுந்தேன். எனக்கு அப்படி ஒரு வாய்.

அவள் கோபப்படவில்லை. "மொத நாளு உடனே அமுக்குனேன்னாரு. உங்க பேப்பர் வந்தப்புறம், தெரியலையேன்னாரு. நேத்து போன்ல பேசுறப்ப, நின்னுட்டேன் போல இருக்கு ரத்னம்ங்கிறாரு. எங்கம்மா அவர் பேரச் சொன்னாலே காறித் துப்புது. நான் அந்த மனுசன வெறுக்கணுமா, இல்ல ரெண்டு பேரும் சேந்து அழணுமா? அத மட்டும் சொல்லுங்க மேடம், நான் போயிடுறேன்."

 உட்காருங்கள் என்று காவலாளி அறையைக் காட்டிவிட்டு உள்ளே ஓடினேன்.

எங்களிடம் இருப்பது ஒரே ஒரு பெரிய சர்வர். அதற்குள் எட்டு விர்ச்சுவல் மெஷின்கள், ஒரு வீட்டில் எட்டுக் குடித்தனம் மாதிரி. கன்ட்ரோல் ரூம் பதிவு ஒன்று, வருகைப் பதிவு ஒன்று, கேன்டீன் கூப்பன் ஒன்று, இப்படி. ஒவ்வொன்றும் தன்னைத் தனிக் கம்ப்யூட்டர் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கும். உண்மையில் அதற்கென்று ஒரு கடிகாரமும் கிடையாது, கொடுப்பதைத்தான் நேரம் என்று நம்பும். கொடுப்பது யார் என்பதில்தான் சிக்கல் வரும்.

பதிவு மெஷினைத் திறந்தேன். வெளியே ஒரு நேர சர்வரிடம் கேட்டுக் கேட்டுத் தன் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளும்படி வைத்திருக்கிறேன். அந்தச் சேவை ஓடுகிறதா? ஓடுகிறது. எவ்வளவு பிசகு? ஒரு நொடியில் ஆயிரத்தில் மூன்று பங்கு. பெரிய சர்வரின் நேரத்தை வாங்கிக்கொள் என்று இருக்கும் பெட்டியில் டிக்கை எடுத்துவிட வேண்டும். எடுத்திருக்கிறதா? எடுத்திருக்கிறது. நேரச் சேவையை மட்டும் நிறுத்தி மறுபடி கிளப்பினேன், சரியான நேரத்தோடுதான் எழுந்தது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தேன், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தேன். சனியன், எப்போது பார்த்தாலும் சரியாகவே இருந்தது. தப்பாக ஓடும் கடிகாரத்தைத் திருத்திவிடலாம், சரியாக ஓடுவதை என்ன செய்வது?

விபத்து நாளில் அந்த நேரச் சேவை என்ன எழுதி வைத்தது என்று தேடினேன். ஏழு நாளுக்கு மேற்பட்டதைத் தானே அழித்துக்கொள்ளும்படி வைத்தவள் நான். டிஸ்க்கில் இடம் போதவில்லை என்று போன வருஷம் நான்தான் குறைத்தேன். என் தலையில் நானே ரெண்டு அடி அடித்துக்கொண்டேன். மணி பதினொன்றரை.

அப்புறம் விபத்து நாளின் ஆபரேட்டர் பதிவை எடுத்தேன். விசாரணைக்குக் கொடுத்த அதே அச்சடித்த காகிதம், நேர வரிசையில் ஒழுங்காக இருந்தது. நூறு தடவை பார்த்தாயிற்று. நேர வரிசை... அதைப் படித்ததும் எனக்குக் குப்பென்று வியர்த்தது. ரிப்போர்ட்டை நேர வரிசையில் அடுக்கித் தரச் சொன்னால் அது அடுக்கித்தானே தரும்! கம்ப்யூட்டர் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு வரிசை எண் போடுகிறது. அந்த எண்படி அடுக்கினால்?

அடுக்கினேன். எண் 88412, நேரம் பத்து முப்பது, எட்டு நொடி. அடுத்தது 88413, நேரம் பத்து இருபத்து மூன்று, ஒன்பது நொடி.

எண் முன்னால் போகிறது, நேரம் பின்னால் வருகிறது. ஏழு நிமிடம் அப்படியே பின்னால் குதித்திருக்கிறது. அப்படியானால் அதுவரை அது ஏழு நிமிடம் முந்தி ஓடியிருக்கிறது. பைடிராஜு அமுக்கியது பத்து இருபத்தொன்று ஐம்பதுக்கு இல்லை. பத்து பதினாலு ஐம்பதுக்கு. அலாரம் அடித்து நாற்பது நொடி!

"அய்யோ தேவுடா" என்று அலறியிருக்கிறேன். பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

ஆனால் இதை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் கிழித்துப் போட்டுவிடுவார்கள். கம்ப்யூட்டர் ஏன் குதித்தது, மறுபடி குதிக்குமா, காட்டு என்பார்கள். என் வேலை நோட்டைப் புரட்டினேன். அந்த வியாழக்கிழமைப் பக்கத்தில் என் கையெழுத்திலேயே இருந்தது: 'பத்து ஆறு, பதிவு மெஷின், ஸ்னாப்ஷாட்.' ஏதாவது புதிதாக நிறுவும் முன்னால், மெஷின் இருந்தபடியே ஒரு நகல் எடுத்து வைப்போம். நகல் எடுக்கும்போது அது ஒரு நொடி உறைந்து மறுபடி எழும். உறைந்து எழுந்ததற்கு நேரம் தெரியாதே, யாரிடமாவது கேட்க வேண்டுமே. டிக் எடுத்திருந்தாலும் அந்த ஒரு தரம் மட்டும் அது பெரிய சர்வரிடம்தான் கேட்குமோ?

ஓடுகிற பிளான்ட்டின் பதிவு மெஷினில் சோதித்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கேன்டீன் கூப்பன் மெஷின் இருக்கிறதே. அதே சர்வரில், அதே மாதிரி வைத்ததுதான். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கேன்டீனுக்கு ஓடினேன். மணி ஒன்று இருபத்தைந்து. ஒன்றரைக்குச் சாப்பாட்டுக் கூப்பன் நின்றுவிடும். வரிசையில் இருபது பேர் நின்றிருந்தார்கள். கல்லாவில் சூரிபாபு.

ஸ்னாப்ஷாட் கொடுத்தேன். கூப்பன் மெஷின் ஒரு நொடி திணறியது. திரையின் மூலையில் ஒன்று முப்பத்திரண்டு. 'மதிய உணவு முடிந்தது' என்று சிவப்பில் வந்தது.

"ஒரேய் சூரிபாபு! என்னடா இது, பப்புக் கொழம்பு வாசன மூக்குல ஏறுது, முடிஞ்சிருச்சுங்கிற?" என்று வரிசையில் முன்னால் நின்ற வெல்டர் கத்தினான்.

"நான் என்னய்யா பண்ண, மெசின் சொல்லுது" என்று சூரிபாபு அதன் தலையில் ஓங்கி ஒன்று வைத்தான். "மாசத்துக்கு ரெண்டு வாட்டி இந்த மூதேவி இப்பிடித்தான் பண்ணும் மேடம். கால் மணி நேரம் தட்டிக்கிட்டே இருந்தா தானா சரியாயிடும்."

"இத எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"தட்டுனா சரியாகுதே, அப்புறம் எதுக்கு உங்களத் தொந்தரவு பண்ணிக்கிட்டு?"

நான் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்தேன். வரிசை என்னைத் திட்டிக்கொண்டே இருந்தது. பதினாறு நிமிடம் தப்பாகவே ஓடியது. பதினேழாவது நிமிடம் நேரச் சேவை விழித்துக்கொண்டு ஏழு நிமிடத்தைப் பின்னால் இழுத்தது. அதற்கப்புறம் எவன் வந்து பார்த்தாலும் கடிகாரம் தங்கமாக இருக்கும். மறுநாள் செல்போனை வைத்துக்கொண்டு நான் பார்த்தது இந்தத் தங்கத்தைத்தான்.

சந்தோஷத்தில் அழுகை வந்தது. வந்த அழுகை பாதியில் நின்றது. ஏழு நிமிடம். ஆறரை இல்லை, எட்டு இல்லை, சரியாக ஏழு. அந்த ஏழை வைத்தது யார் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் பக்கம் எந்த வீட்டில் சுவர்க் கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறது? என் வீட்டில் பத்து நிமிடம் முந்தி ஓடுகிறது. எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் மனதுக்குள் கழித்துக்கொள்வோம். ரெண்டு வருஷம் முன்னால் சோமயாஜுலு காரு என்னைக் கூப்பிட்டு, ஷிப்டுக்கு எவனும் நேரத்தில் வருவதில்லை, வருகைப் பதிவுக் கடிகாரத்தை ஏழு நிமிடம் தள்ளி வை என்றார். "அஞ்சு வச்சா கழிச்சுக்குவானுங்க. பத்து வச்சா கண்டுபிடிச்சிருவானுங்க. ஏழு வச்சா ஒருத்தனுக்கும் கணக்கு வராது தல்லி" என்று, மகளைக் கூப்பிடுவது போலச் சொல்லி, தன் சாமர்த்தியத்துக்குத் தானே சிரித்தார். நானும் சிரித்தேன். வருகை மெஷினை மட்டும் தள்ளி வைத்துப் பார்த்தேன், அது தன்னைத் தானே திருத்திக்கொண்டே இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பெரிய சர்வரின் கடிகாரத்தையே ஏழு நிமிடம் முன்னால் தள்ளி, வருகை மெஷினை மட்டும் அதன் பின்னால் போகச் சொல்லி, மற்ற ஏழுக்கும் டிக்கை எடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். திங்கட்கிழமை அதை மறந்தும் விட்டேன்.

ஒரு மனிதன் ஜெயிலுக்குப் போகப்போகிறான், நான் பஸ் பிடித்ததற்காக.

சோமயாஜுலு காருவின் அறைக்குப் போனபோது மணி இரண்டே கால். காகிதங்களை மேஜையில் பரப்பி எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் முடிவு வரை கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஹைமவதி காரு, உங்க பொண்ணு எத்தனாவது படிக்குது?"

"எட்டாவது. அதுக்கும் இதுக்கும் என்ன சார்?"

"அரசாங்க விசாரணைல பொய் சர்டிபிகேட் குடுத்தேன்னு நீங்களே போய் நிக்கப் போறீங்க. கடிகாரத்தத் திருத்துனதும் நானேதான்னு சொல்லப் போறீங்க. யோசிச்சுட்டீங்களா?"

"நீங்க சொல்லித்தானே சார் திருத்துனேன்."

"நான் எழுத்துல குடுத்தேனா?" சத்தம் போடவில்லை, அன்பாகத்தான் கேட்டார். "தல்லி, விடுங்க. பைடிராஜு இன்னைக்கு காலைல அவனே எழுதிக் குடுத்துட்டான். 'பயந்து போய் நின்னுட்டேன், என் தப்புதான்'னு. நான் மிரட்டல, சத்தியமா. அவனே வந்து குடுத்தான். அவனே ஒத்துக்கிட்டத நீங்க எதுக்குக் கிளறணும்?"

 அவர் பொய் சொல்லவில்லை என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. ஒரு நிமிடம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முழுசாக ஒரு நிமிடம் என் பெண்ணின் ஸ்கூல் யூனிபார்மை நினைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். அப்புறம் காகிதங்களை வாரிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

விசாரணை அறையில் தொழிற்சாலைத் துறை அதிகாரி, எழுதுகிறவர் ஒருவர், யூனியன் ஆள் ஒருவர், பின்னாலேயே வந்து சேர்ந்த சோமயாஜுலு காரு. ஓரத்து நாற்காலியில் பைடிராஜு. பதினெட்டு நாளில் பாதியாகியிருந்தான். கதவுக்கு வெளியே நூகரத்னம்.

என்னைக் கூப்பிடும் முன்பே எழுந்து நின்றேன். "ஐயா, நான் குடுத்த சர்டிபிகேட் தப்பு. கடிகாரத்த ஏழு நிமிஷம் தள்ளி வச்சது என் கை. பைடிராஜு நாப்பது நொடியில அமுக்கிட்டான்" என்று மூச்சு விடாமல் சொன்னேன். எங்கே பாதியில் நின்றால் தைரியம் போய்விடுமோ என்று பயம்.

அதிகாரி அவசரப்படவில்லை. வரிசை எண் காகிதத்தில் பென்சிலால் கோடு போட்டுப் படித்தார். கேன்டீன் மெஷினில் மறுபடி செய்து காட்டச் சொன்னார், செய்தேன், குதித்தது. தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பதினேழு நிமிடமும் காத்திருந்தார்.  பின்னால் குதித்ததும், "ம்" என்றார். யார் சொல்லித் தள்ளி வைத்தாய் என்று கேட்டார். சொன்னேன். சோமயாஜுலு காரு ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"அம்மா, உங்க மேலயும் எழுதுவேன், தெரியுமில்ல?"

"எழுதுங்க ஐயா."

அவர் பைடிராஜு பக்கம் திரும்பினார். "நீ நின்னுட்டேன்னு எழுதியிருக்க. இவங்க நிக்கலங்கிறாங்க. எதுக்குப்பா இப்படி எழுதுன?"

பைடிராஜு எழுந்தான். "நின்னேன் சார்."

"இல்ல பைடிராஜு" என்றேன் நான். "நாப்பது நொடி. கண்ணாலயே பாரு, இதோ இருக்கு."

"மேடம், நீங்க நல்ல மனசுல சொல்றீங்க." அவன் என்னைப் பார்த்துக் கும்பிட்டான், பாவி. "எனக்கும் மொதல்ல அப்படித்தான் இருந்துச்சு. கம்ப்யூட்டர் ஏழு நிமிசம்னு சொல்லிருச்சு, நீங்க படிச்சவங்க, பாத்து எழுதிக் குடுத்துட்டீங்க. அப்ப நாந்தான் மறந்துட்டேன்னு உக்காந்து யோசிச்சேன். யோசிக்க யோசிக்க எல்லாம் ஞாபகம் வந்துருச்சு. பொத்தான் கிட்ட கை போச்சு, அமுக்கல. அப்பண்ணா கீழ இருந்து பாவா பாவான்னு கூப்பிட்டான். நான் நின்னுக்கிட்டே இருந்தேன். இப்பக் கண்ண மூடுனாலும் தெரியுது மேடம். எப்பிடி இல்லன்னு சொல்வேன்?"

"கன்ட்ரோல் ரூம் கண்ணாடிக்குள்ள இருந்த உனக்கு அவன் கூப்பிட்டது எப்படிடா கேக்கும்?" என்று யூனியன்காரர் உடைந்து போய்க் கத்தினார்.

"கேட்டுச்சு" என்றான் பைடிராஜு.

அதிகாரி பேனாவை வைத்துவிட்டார். அப்புறம், அவன் வாக்குமூலத்தை ஏற்கவில்லை, குற்றச்சாட்டு நிற்காது, பொத்தானை அமுக்கியும் வால்வு மூட ஏன் நேரம் பிடித்தது என்பதைத் தனியாக விசாரிக்க வேண்டும் என்று எழுதச் சொன்னார். சர்வரை யாரும் தொடக்கூடாது என்று சீல் வைக்கச் சொன்னார். என்னை அடுத்த உத்தரவு வரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். எல்லாம் காதில் விழுந்தது, நான் பைடிராஜுவையே பார்த்துக்கொண்டிருந்தேன். விடுதலை என்று சொன்னபோதும் அவன் முகத்தில் ஒன்றுமே மாறவில்லை.

வெளியே நூகரத்னம் அவன் கையைப் பிடித்தாள். எல்லாவற்றையும் கதவருகே நின்று கேட்டிருக்கிறாள். "நாப்பது நொடி. கேட்டியா? நீ நிக்கல. வா, வீட்டுக்குப் போலாம்" என்றாள். அவன் குழந்தை மாதிரி அவள் பின்னால் நடந்தான். நாலடி போனவன் நின்று, "நின்னேன் ரத்னம்" என்றான், ரகசியம் சொல்வது போல.

அவள் அவனை மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு என்னிடம் திரும்பி வந்தாள். கன்னத்தில் அறைவாள் என்றுதான் நினைத்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நாளைக்குக் காலைல எங்க வீட்டுக்கு வாங்க மேடம்" என்றாள். "நாளைக்கழிச்சும் வாங்க. உங்க பேப்பர அன்னைக்கு ஒரே வாட்டில நம்புனாரு. இத நம்புற வரைக்கும் வந்து சொல்லுங்க."

"வர்றேன்மா" என்றேன்.

பதினோரு நாளாகப் போய்க்கொண்டிருக்கிறேன். காபி கொடுக்கிறாள். காகிதத்தை விரித்து எண்களை விரலால் காட்டிக் காட்டிச் சொல்கிறேன். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, கடைசியில் சரி என்று எனக்காகத் தலையை ஆட்டுகிறான்.